விரதம் என்று நான் சொல்லிவந்த நோவு

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் விளக்கேற்றி, அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, குசினி மேசையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுப்பேன். முதல் வரி வருவதற்குள் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிற பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். அதன் பிறகு என் மகளின் முகம் வரும். பேனாவை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். வருடங்கள் அப்படியே போயின. நான் ஊரில் ஓ.எல். சோதனை வரை, பத்தாம் வகுப்பு மட்டும், படித்தவள், பெரிதாக எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என்னைத் தடுத்தது படிப்புக் குறைவு இல்லை, வெட்கம்தான்.

கடைசியில் என் கணவரிடமே கேட்டேன். அவர் தமிழ்க்கடையில் சும்மா கொடுக்கிற பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "எழுதுமன். என்ர பேரைப் போடாதேயும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உம்மட பேரையும் போடாதேயும். உம்மைத் தெரிஞ்சவனுக்கு என்னையும் தெரியும்" என்றார். அதனால் இதில் எவருடைய பெயரும் இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் மாதத் துடக்கு நின்றது. அதுவரைக்கும் மாதாமாதம் அந்த நாட்களில் நான் சாமியறைப் பக்கம் போவதில்லை. விளக்கு அவர்தான் ஏற்றுவார். கோயிலும் இல்லை. படுக்கையும் வேறு. ஒரு சொல்லும் பேசாமலே அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போவார், முழுகிய பிறகு திரும்பி வருவார். கலியாணம் முடித்த நாள் முதல் எங்கள் வீட்டில் அது ஒரு நடைமுறை. ரொறன்ரோவுக்கு வந்து, அப்பார்ட்மென்ற் மாறி, மோர்னிங்சைட் பக்கம் இந்த வீட்டை வாங்கிய பிறகும் அது மாறவில்லை.

துடக்கு நின்றபோது எனக்கு உண்மையில் சந்தோஷம். இனி எந்த விரதமும் இடையில் முறியாது. கோயிலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "இனி முருகனிட்டைப் போக உமக்கு ஒரு தடையும் இல்லையடியம்மா" என்றா. சாமியறைக் கதவு எனக்கு முப்பது நாளும் திறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கென்று இருந்த தனிப்படுக்கையும் அதோடு போய்விட்டது என்று அப்போது நினைக்கவில்லை. அப்போது அது எனக்குத் தேவையாகவும் இருக்கவில்லை.

அடுத்த வருடம்தான் தொடங்கியது. கணவரோடு சேரும்போது நொந்தது. இதை இதைவிட வெளிச்சமாக எழுத என் கை கூசுகிறது, ஆனால் மறைத்து எழுதினால் இதை எழுதுவதே வீண். எரிந்தது. வெடித்த தோலில் உப்புத் தண்ணி பட்டது போல எரிந்தது. அடுத்த நாள் சலம் போகும்போதும் எரியும். ஒரு தரம் கொஞ்சம் இரத்தமும் கண்டேன். நான் வாய் திறக்கவில்லை. முருகா, முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிடப்பேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. எப்படித் தெரியும்? இருட்டு, நானும் சத்தம் போடவில்லை. இது என் வயதுக்குக் கடவுள் வைத்த அளவு என்று எண்ணினேன். இனிப் போதும் என்று சொல்கிறார் என்று எண்ணினேன். வேறு பெண்களுக்கும் இப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களுக்குள் இதை யார் கதைத்தார்கள், நான் கேட்டிருக்க?

ஒரு நாள் அவர் கிட்ட வந்தபோது, "இண்டைக்கு வெள்ளி" என்றேன்.

"ஓ, மறந்துபோனன்" என்று அந்த நிமிடமே திரும்பிப் படுத்தார். விரதம் என்றால் என் மேல் விரல் படாத மனிதர் அவர். அன்றைக்கு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

அதன் பிறகு வெள்ளியோடு சஷ்டியும் சேர்ந்தது. சதுர்த்தி சேர்ந்தது. பிரதோஷம், கார்த்திகை, காலமான அம்மாவுக்காகப் பௌர்ணமி, புரட்டாதிச் சனி. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரில் நான் முன்பு பார்த்தேயிராத நாட்கள் எல்லாம் என் கண்ணில் படத் தொடங்கின. எங்கள் சமயத்தில் தேடிப் பார்த்தால் விரதமில்லாத நாள் கொஞ்சம்தான். இதைப் பொய் விரதம் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் பட்டினி கிடந்தது உண்மை. கும்பிட்டதும் உண்மை, கண்ணீர் வரக் கும்பிட்டேன். எதற்காக இந்த நாளைப் பிடித்தாய் என்று முருகன் கேட்டால் மட்டும் சொல்ல என்னிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை.

கோயிலில் என் பெயர் உயர்ந்தது. "அக்கா, நீங்கள் சாமியாராப் போகப்போறியளோ, அண்ணையை என்ன செய்யப்போறியள்?" என்று இளம் பிள்ளைகள் பகிடி விடுவார்கள். பிறகு அந்தக் கதை கைமாறத் தொடங்கியது. என் கணவருக்கு ஏதோ பெரிய வருத்தம், அதற்காகத்தான் நேர்த்திக்கடன் என்று ஒருத்தி சொன்னாளாம். அதை இன்னொருத்தி இருதய வருத்தம் ஆக்கினாளாம். ஒரு நாள் தமிழ்க்கடையில் மீன் வெட்டுகிற தம்பி என் கணவரிடம், "அண்ணை, ஓப்பிரேஷன் எப்பவாம்? மீன் சாப்பிடலாமோ?" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து இவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பது குறைந்தது. நான் ஒரு நேரச் சாப்பாடு, அவர் மூன்று நேரம், மேசையில் ஒன்றாக உட்கார்வதும் குறைந்தது. காரில் அவருடைய சீற்றில் ரோல்ஸ் தூள் கிடக்கும். மீன் ரோல்ஸை வீட்டுக்குக் கொண்டுவராமல் கார் பார்க்கிங்கிலேயே தனியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் அந்தத் தூளைத் தட்டிவிடுவேன், ஒன்றும் கேட்க மாட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். அவர் பின்னேரத்திலும் குளிக்கத் தொடங்கினார். மிசிசாகாவில் மெஷின் எண்ணெய்க்குள் நின்று வேலை செய்த காலத்தில்கூட ஒரு தரம்தான் குளிப்பார். பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கும்போது எதற்கு இரண்டு தரம்? "சுடுதண்ணி முடியுது, எனக்குச் சட்டி கழுவ வேணும்" என்று கத்தினேன். 

ஒரு புரட்டாதி மாதம் தன் தலையணையை எடுத்தார். "நீர் விடிய எழும்பி முழுகிறனீர். நான் குறட்டை விடுறன். பேஸ்மென்ரில படுக்கிறன்" என்றார். முன்பெல்லாம் ஹோலுக்குப் போன தலையணை முழுகிய பிறகு திரும்பி வரும். இது வரவில்லை.

நோவு நின்றது. ஆனால் கட்டிலின் மற்றப் பக்கத்தில் விரிப்புக் கசங்காமல் அப்படியே கிடக்கும். தூணை மாதிரி என் பக்கத்தில் கிடந்து குறட்டை விடுகிற முதுகு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று யாரிடம் சொல்ல? கீழே இருந்து ரீவிச் சத்தம் வரும். அவர் இருமினால் கேட்கும். ஒரே வீட்டுக்குள் அவர் இருமுவதை வைத்து அவர் இருக்கிறார் என்று அறிந்துகொண்டேன்.

வைத்தியரிடம் போகாமல் இல்லை. எங்கள் குடும்ப வைத்தியர் நம்மவர், என் மகளின் வயது. முன்மேசையில் இருக்கிற பெண்ணின் தாய் எங்கள் கோயிலுக்கு வருகிறவ. "வாங்கோ அன்ரி, இண்டைக்கு என்ன?" என்று அவள் கேட்கும்போதே நான் முழங்காலைத் தடவிக் காட்டிவிடுவேன். உள்ளே போனால் வைத்தியர், "அன்ரி, சீனி எப்பிடி? பிறஷர் எப்பிடி? முழங்கால்?" என்பார். ஒரு தரம் துணிந்து, "சலம் போகேக்குள்ள எரியுது தம்பி" என்றேன். சலம் பரிசோதிக்க எழுதித் தந்தார். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "நல்லாத் தண்ணி குடியுங்கோ அன்ரி" என்றார். நல்ல பிள்ளை. நான் சொல்லாததை அவர் எப்படிக் கேட்பார்? முழங்காலுக்கு மட்டும் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

அந்த வகுப்பு எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு. பஸ்ஸில் ஏறினால் என்னோடு ஒரு யமேக்காக்காரி, கறுப்பினப் பெண், ஏறுவாள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, எல்லோரையும் டார்லிங் என்பாள். என் ஆங்கிலம் பக்டரி ஆங்கிலம், அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் கதைத்தோம். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். அவளும் கடவுள் பிள்ளை, ஞாயிறு முழுக்கச் சேர்ச்சில்தான். வகுப்பு முடிய எல்லோரும் பிஸ்கட் எடுப்பார்கள், நான் விரதம் என்பேன். நாலைந்து தரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"டார்லிங், உன்ர கடவுள் உன்னை எப்பவும் பட்டினி போடுறாரே, அவருக்கு உன்னோட என்ன கோவம்?"

"கோவம் இல்லை. அன்பு" என்றேன்.

"நாங்களும் உபவாசம் இருக்கிறனாங்கள். ஆனா முடிஞ்சால் சாப்பிடுவம். உன்ர விரதம் முடியிறதை நான் ஒருநாளும் காணேல்லை."

நான் சிரித்து மழுப்பினேன்.

அந்த ஆவணியில்தான் என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "தீபாவளி முடிய நான் ஊருக்குப் போறன். ஆறு மாசம் இருந்திட்டு வாறன். பிடிச்சுதெண்டால் இருந்தாலும் இருந்திடுவன்."

"தனியவோ?"

"உமக்கு இஞ்ச கோயில் இருக்கு. நான் இடைஞ்சல்." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். "ரிக்கற் போடுற தம்பியிட்டை விலை கேட்டிருக்கிறன்."

நான் சட்டியைத் துடைத்து அடுக்கினேன். இவர் போனால் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்த மனிதரை ஒரு சொல் சொல்லாததால் அனுப்பப் போகிறேன் என்றும் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. எந்தச் சொல்லால் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் உடற்பயிற்சி இல்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு தாதி வந்திருந்தா. பார்த்தால் எங்கள் ஆள் மாதிரி, ஆனால் கயானா நாட்டுக்காரி, தமிழ் தெரியாது. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பிலோ படுக்கையிலோ உங்களைக் கரைச்சல்படுத்துவது என்ன என்று கேட்டா. வந்தவர்கள் பல நாட்டவர்கள். நான் எழுந்து போக நினைத்தேன். கதவுக்குப் பக்கத்துக் கதிரை யமேக்காக்காரியுடையது, அவள் கால்களை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

முதலில் ஒரு வெள்ளைக்காரப் பெண். எழுபது இருக்கும். புருஷன் போய் நாளாகிவிட்டது, இப்போது ஒரு சிநேகிதர் இருக்கிறார், எனக்குத்தான் ஆசை வருகுதில்லை என்றா. கார் ஸ்ராட் வருகுதில்லை என்பது போலச் சொன்னா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு யமேக்காக்காரி. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள், வருடக்கணக்காக இரத்தம் போனது. தாய்க்கும் பெரியம்மாவுக்கும் சரியாகக் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம். "எங்கட ஆக்களைக் கண்டால் டொக்டர்மாருக்குக் கத்தி ஞாபகம் வருது. எனக்கும் எடுக்க வேணும் எண்டினம், நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிய வந்திட்டன்" என்றாள். ஒரு சோமாலியப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் அரிச்சுக் கடிக்குது எண்டு போனன். அந்த டொக்டர் சின்னனில எனக்கு அங்க வெட்டினதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தா. கடிக்கு மருந்து தர மறந்துபோனா" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். ஒரு சீனப் பெண், பேரன் பிறந்த நாள் முதல் நானும் புருஷனும் வேறு வேறு அறை, நல்ல நித்திரை வருகிறது, இது ஒரு வருத்தமோ என்று கேட்டா. "ரெண்டு பேருக்கும் நிம்மதி எண்டால் அது வருத்தம் இல்லை" என்றா தாதி. அந்த "ரெண்டு பேருக்கும்" என்ற சொல் எனக்குள்ளே போய்க் குத்தியது.

என் முறை வந்தது. "முழங்கால்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தாதி என்னை அன்பாகப் பார்த்துவிட்டுப் பொதுவாகச் சொன்னா. உடம்பு எல்லோருக்கும் ஒரே உடம்புதான், வயதோடு வருகிற மாற்றமும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு நிறத்துப் பெண்ணையும் பார்த்து வைத்தியர்கள் கேட்கிற கேள்வி வேறாக இருக்கிறது, அந்தப் பெண்கள் வெட்கப்படுகிற இடமும் வேறாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்களிடம் சீனியைக் கேட்பார்கள், கொழுப்பைக் கேட்பார்கள், மற்றதைக் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை என்றா. என் வைத்தியரின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவ மாதிரிச் சொன்னா. நான் அந்த அறையில் கேட்டதைத்தான் எழுதுகிறேன். எல்லா வெள்ளைக்காரரும் அப்படி, எல்லாச் சீனரும் இப்படி என்று சொல்ல நான் யார்? ஒரு வட்டத்தில் இருந்த ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு தனிமை என்பதை மட்டும் கண்டேன். அதில் தன் தனிமையைச் சொல்லாமல் வந்தவள் நான் ஒருத்தி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது யமேக்காக்காரி கேட்டாள், "உன்ர முழங்காலுக்கோ இவ்வளவு விரதம்?"

நான் பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்தேன்.

"எங்கட சேர்ச்சில புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் கதைச்சுச் சம்மதிச்சுத்தான் உபவாசம் தொடங்குவினம். நீ உன்ர ஆளிட்டைக் கேட்டனியோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. றோட்டில், அத்தனை காருக்கு முன்னால். தமிழில் எந்தப் பெண்ணிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். என்னிடம் இருந்த பக்டரி ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் சொல்லி, என் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பஸ் வந்தது, போனது. அவள் என் கையைப் பிடித்துத் திரும்பவும் அந்தக் கட்டிடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

தாதி, தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுக்கட்டுமா என்று கேட்டா. நான் வேண்டாம் என்று இரண்டு கையாலும் காட்டினேன். அந்தக் குரல் கோயிலில் கேட்ட குரலாக இருந்தால்? பிறகு தாதி கேட்ட கேள்விக்கு எனக்கு வாய் எழவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள், "அவளுக்கு அங்க நோகுது. புருஷனோட." கறிச்சட்டி அடிப்பிடித்துவிட்டது என்பது மாதிரிச் சொன்னாள். என் வாயால் வராத சொல் இன்னொரு நாட்டுக்காரியின் வாயால் அந்த அறைக்குள் வந்தது. கூரை இடிந்து விழவில்லை. தாதி தலையாட்டிவிட்டு, "எவ்வளவு காலமாக?" என்று மட்டும் கேட்டா.

இரத்தம் கண்டேன் என்று சொன்னதால் அதைச் சும்மா விடக்கூடாது என்று ஒரு பெண் வைத்தியரிடம் அனுப்பினா. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை பிள்ளையாருக்கு நான் வைத்த நேர்த்தி உண்மையான நேர்த்தி. பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. துடக்கு நின்ற பிறகு உடம்பில் ஹோர்மோன் சுரப்புக் குறையும், அந்த இடத்துத் தோல் மெல்லியதாகிக் காய்ந்துபோகும், நோகும், எரியும், உரசினால் இரத்தமும் வரும், எத்தனையோ பெண்களுக்கு வருவது, பூச மருந்து உண்டு, கிழமைக்கணக்கில் பொறுமையாகப் பாவிக்க வேண்டும் என்று அந்த வைத்தியர் படம் போட்டு விளக்கினா. பூசுகிற மருந்து! கடவுள் வைத்த அளவு என்று நான் எண்ணியது ஒரு ரியூப் மருந்துக்குக் கேட்கிற நோவு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமியறையில் உட்கார்ந்தேன், கும்பிடவும் வரவில்லை.

அந்த நாட்களில் நான் கேதாரகௌரி விரதத்தில் இருந்தேன். புருஷனுக்காகப் பெண்கள் இருக்கிற விரதம் அது. அம்மன் தவம் இருந்து சிவனின் உடம்பில் பாதியானதால் வந்த விரதம். இருபத்தொரு நாளும் முடிந்து அமாவாசை அன்று கோயிலில் காப்புக் கட்டுவார்கள். இவர்தான் என்னைக் காரில் கூட்டிப்போனார். குருக்கள் என் இடக்கையில் நூலைக் கட்டும்போது திரும்பிப் பார்த்தேன். தூணோடு தனியே நின்றார். பாதியாக வேண்டும் என்று அம்மன் இருந்த விரதத்தை நான் அவரைப் பேஸ்மென்ருக்கு அனுப்புவதற்கு இருந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் அந்த நூலைப் பார்க்க முடியவில்லை.

காரில் ஏறினோம். மழையும் பனியும் கலந்து விழுந்தது.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "நான் இவ்வளவு விரதமும் இருந்தது சாமிக்காக மட்டும் இல்லை."

"பின்ன ஆருக்கு? என்ர ஓப்பிரேஷனுக்கோ?"

"எனக்கு நோகும்."

"பசிச்சோ?"

"இல்லை. நீங்கள் கிட்ட வந்தால்."

வைப்பர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. முன்னால் ஒரு கார் வெளியேறியது, அதன் வெளிச்சம் எங்கள் மேல் பட்டுப் போனது. பட்டுப் புடவையோடு, மடியில் பிரசாதத்தோடு, நான் வைத்தியர் சொன்னதை எல்லாம் சொன்னேன். எரிந்ததை, இரத்தத்தை, மருந்தை. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா?"

"துடக்கு நிண்டு அடுத்த வருஷம் தொட்டு."

"அப்ப நான்தான் உம்மை நோகப்பண்ணியிருக்கிறன்."

"உங்களுக்குத் தெரியாதுதானே."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தானேயப்பா." அவர் குரல் உடைந்தது. "நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? பக்டரி எண்ணெய் மணம் என்னில இன்னும் போகேல்லையாக்கும், உமக்கு அது அரியண்டமாக்கும் எண்டு. அதுதான் பின்னேரமும் குளிச்சனான். நீர் சுடுதண்ணிக்குக் கத்தினீர்."

அந்தக் கார் பார்க்கிங்கில் நான் அழுதது போல என் தாய் தகப்பனுக்கும் அழவில்லை. அவர் தன் கைலேஞ்சியைத் தந்தார். அதில் மீன் ரோல்ஸ் மணந்தது.

சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ரிக்கற் போடுகிற தம்பி போன் எடுத்தபோது, "இந்த வருஷம் இல்லை தம்பி" என்று இவர் சொன்னது கேட்டது. ஆனால் தலையணை கீழேயே கிடந்தது. முன்பு நான் ஒதுங்கினேன், இப்போது அவர் பயந்தார். சமைக்கும்போது என் தோள் பட்டால்கூட, "நொந்ததோ?" என்பார். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அதைச் சொல்ல எனக்கு மறுபடியும் வெட்கம். இருவரும் உண்மை தெரிந்துகொண்டு, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக அந்தப் பனிக்காலத்தில் பாதியைக் கழித்தோம்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை. அவர் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"இண்டைக்கு விரதமோ?"

"ஓம்" என்றேன். "இண்டைக்கு மெய்யான விரதம்."

"அப்ப பயமில்லாமல் பக்கத்தில படுக்கலாம்" என்றார்.

வந்து படுத்தார். வேறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இதையும் சேர்த்தா நான் விரதத்தால் துரத்தினேன் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் பிறகு மெல்ல மெல்லச் சரிவந்தது. அதை எழுத மாட்டேன், அது எங்களுடையது.

இன்று அவர் பக்கத்தில் இருக்கிறார். ஆனாலும் பேஸ்மென்ரில் போன அந்த வருடங்கள் போனவைதான். யமேக்காக்காரி மகளோடு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீற்றில் என் பையை வைக்கிறேன். இதைக் கதைக்க எனக்குக் கிடைத்த ஒரேயொரு ஆள் அவள்தான், அவளுக்குத் தமிழ் தெரியாது.

இப்போது இதை எழுதியதற்குக் காரணம் ஒன்று உண்டு. போன மாதம் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் ஐம்பதைத் தாண்டியிருப்பாள். பாயாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சோற்றை வேண்டாம் என்றாள். "சதுர்த்தி அக்கா. வெள்ளி, சஷ்டி, பிரதோஷம், எல்லாம் இப்ப பிடிக்கிறன். உங்களைப் பார்த்துத்தான் பழகினனான்" என்றாள். முகத்தில் பெருமை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவளுக்குப் பக்திதானாக இருக்கலாம். இருந்தால் நல்லது. ஆனால் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள், வரிசை நகர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன், இம்முறை வெங்காயம் உரிக்கப் போகவில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இது தேவைப்படலாம் என்று தோன்றினால் இதை அவளிடம் கொடுங்கள், அல்லது சொல்லுங்கள். சொல்லும்போது மாற்ற வேண்டாம். எரிந்தது என்ற சொல்லை எடுத்துவிட்டு ஏதோ சுகமில்லை என்று சொல்ல வேண்டாம், அப்படிச் சொன்னால் அவள் தண்ணி குடித்துக்கொண்டு இருப்பாள். இரத்தம் கண்டதை விட வேண்டாம், அதை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். நான் விரதத்தை விட்டுவிட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். வெள்ளி இன்றும் பிடிக்கிறேன், கேதாரகௌரியும் பிடிக்கிறேன், அவரிடம் சொல்லிவிட்டுப் பிடிக்கிறேன். என் கணவருக்கு இருதய வருத்தம் என்று மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். மீன் வெட்டுகிற தம்பி இன்னும் அவரைச் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.